உலோகப் பிணைப்பும் மீக்கடத்தலும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

செம்பையும் வெள்ளீயத்தையும் தனித்தனியே நோக்கின் இரண்டும் மென்மையான உலோகங்களே. அவற்றை ஒருங்கே உருக்கி வார்த்தால் வெண்கலம் உண்டாகின்றது. அது தன்னைப் பெற்ற இரண்டினும் வன்மை மிக்கது; தட்டினால் அவ்விரண்டும் எழுப்பாத ஓசையை எழுப்புவது. கோயில் மணியை வார்த்த கன்னார் இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஈருலோகங்கள் கூடுமிடத்து இரண்டிலும் இல்லாத ஒரு குணம் தோன்றுவது ஏன் என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கோ இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நூற்றாண்டிலேயே மற்றொரு வினாவும் எழுந்தது. கடுங்குளிரிலே சில உலோகங்கள் மின்னோட்டத்துக்குச் சிறிதும் தடை காட்டாதிருப்பது ஏன் என்பதே அது. முன்னையது இரசாயன அறிஞரின் வினா. பின்னையது பௌதிக அறிஞரின் வினா. இரண்டும் நெடுங்காலம் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தன. அவை ஒன்றையொன்று செவ்வனே அறிந்துகொள்ளத் தாமதித்தமையால் அறிவுலகம் இழந்தது யாது என்பதை இவ்வரலாறு காட்டும்.

உப்பில் ஒரு சோடிய அணுவுக்கு ஒரு குளோரின் அணு. நீரில் இரண்டு ஐதரசன் அணுக்களுக்கு ஓர் ஒட்சிசன் அணு. மூலகங்களின் வலுவளவைக் கொண்டு இவ்விகிதங்களை எளிதில் விளக்கலாம். ஆனால் உலோகங்கள் தம்முட் கூடுமிடத்து இம்முறை பயன்படவில்லை. செம்பும் நாகமும் ஒன்றுக்கு ஒன்றாகக் கூடும். ஐந்துக்கு எட்டாகவும் கூடும். ஒன்றுக்கு மூன்றாகவும் கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரில் குஸ்தாவ் தம்மான் என்பார், உருகிய உலோகக் கலவைகள் ஆறும் விதத்தை முறையாக அளந்து, இத்தகைய சேர்வைகள் பலவற்றை வெளிப்படுத்தினார். இவை வெறுங் கலவைகள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கேயுரிய பளிங்கமைப்பை உடையது. அவ்வமைப்புத் தாய் உலோகங்களின் அமைப்பினின்றும் வேறானது. உலோகங்களுக்கிடையே தோன்றும் காரணத்தால் இவற்றை உலோகவிடைச் சேர்வைகள் என்பர். வலுவளவுக் கணக்குக்கு அடங்காத இச்சேர்வைகளை அக்கால இரசாயன நூல்கள் ஓர் ஓரத்திலேயே வைத்திருந்தன.

இக்குழப்பத்திலே ஓர் ஒழுங்கைக் கண்டவர் வில்லியம் ஹியூம்-றொதரி. இராணுவப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளமைக் காலத்தில், 1917 ஆம் ஆண்டில், மூளையுறை அழற்சியினால் அவர் செவிப்புலனை முற்றாக இழந்தார். இராணுவ வாழ்வு மூடப்படவே ஒக்ஸ்போட்டில் இரசாயனம் கற்று உலோக ஆராய்ச்சியிற் புகுந்தார். 1926 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்து எளிமையானது. அணுக்களின் எண்ணிக்கையை நோக்காது, அவை பொதுவுக்குக் கொடுக்கும் இலத்திரன்களின் எண்ணிக்கையை நோக்குக என்பதே அதன் சாரம். செம்பு ஓர் இலத்திரனையும், நாகம் இரண்டையும், அலுமினியம் மூன்றையும், வெள்ளீயம் நான்கையும் கொடுக்கும். ஒரு செம்பும் ஒரு நாகமும் சேர்ந்தால் இரண்டு அணுக்களுக்கு மூன்று இலத்திரன்கள். மூன்று செம்பும் ஓர் அலுமினியமும் சேர்ந்தால் நான்கு அணுக்களுக்கு ஆறு. ஐந்து செம்பும் ஒரு வெள்ளீயமும் சேர்ந்தால் ஆறு அணுக்களுக்கு ஒன்பது. மூன்றிலும் விகிதம் ஒன்றே. மூலகங்கள் வேறாயினும் இலத்திரன் விகிதம் ஒத்தவிடத்து ஒத்த தன்மையுள்ள சேர்வை தோன்றும் என்னும் உண்மை இதனால் விளங்கிற்று.

ஜேர்மானியரான எட்வாட் சின்ற்ல் 1930களில் மற்றொரு பக்கத்தை ஆராய்ந்தார். சோடியமும் தாலியமும் ஒன்றுக்கு ஒன்றாகக் கூடிய சேர்வையிலே சோடியம் தன் இலத்திரனைத் தாலியத்துக்கு ஈந்துவிடுகின்றது. மூன்று வலுவளவு இலத்திரன்களை உடைய தாலியம் நான்கை உடையதாகிக் காபனைப் போல ஒழுகுகின்றது. வைரத்திலே காபன் அணுக்கள் எவ்வாறு ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றனவோ அவ்வாறே நிற்கின்றது. சின்ற்ல் 1941 ஆம் ஆண்டில் தமது நாற்பத்திரண்டாம் வயதிற் காலமானார். இவ்வகைச் சேர்வைகளுக்கு அவர் பெயரையே இட்டு வழங்கியவர் பிறிற்ஸ் லாவெஸ் என்னும் பளிங்கியலறிஞர்.

இவ்வாராய்ச்சிகளினால் உலோகவிடைச் சேர்வைகளிலே ஒரே வகைப் பிணைப்பு நிலவுவதில்லை என்பது தெளிவாயிற்று. தூய உலோகத்தின் இலத்திரன்கள் ஊர்ப் பொதுக்குளத்து நீரை ஒத்தவை. எந்த அணுவுக்கும் தனியுரிமை இல்லை. பங்கீட்டு வலுப் பிணைப்பிலுள்ள இலத்திரன்களோ இரு வளவுகளுக்கிடையே அமைந்த பங்குக் கிணற்றின் நீரை ஒத்தவை. அவ்விரு வீட்டாருக்கே உரியவை. உலோகவிடைச் சேர்வையிலே குளமும் உண்டு, கிணறும் உண்டு. இவ்வுவமையை நினைவிற் கொள்ளுதல் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ளத் துணையாகும்.

இனி, இரண்டாவது வினாவின் வரலாற்றைக் காண்போம். ஒல்லாந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்திலே ஹெய்க் கமர்லிங் ஒன்னஸ் 1908 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் நாளன்று ஈலிய வாயுவைத் திரவமாக்கினார். தனிப்பூச்சியத்துக்கு நாலு பாகை அளவுக்கு மேலுள்ள குளிர் அதனால் மனிதருக்கு எட்டிற்று. 1911 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அவர்தம் ஆய்வுகூடத்தில் இரசத்தின் மின்தடை அளக்கப்பட்டது. வெப்பநிலை 4.2 கெல்வினை அணுகியதும் தடை திடீரென மறைந்தது. படிப்படியாகக் குறைந்து போகவில்லை, இல்லையாயிற்று. பின்னர் வெள்ளீயமும் காரீயமல்லாத சாதாரண ஈயமும் இத்தன்மை உடையன எனக் கண்டனர். இதுவே மீக்கடத்தல் எனப்படுவது. 1913 ஆம் ஆண்டில் ஒன்னஸ் நோபல் பரிசு பெற்றார்.

தடையில்லாத கம்பியில் வெப்பம் உண்டாகாது. ஆகவே மீக்கடத்திக் கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒரு இலட்சம் கவுஸ் வலிமையுள்ள மின்காந்தத்தை எளிதில் ஆக்கலாம் என ஒன்னஸ் எண்ணினார். புவியின் காந்தப்புலம் ஏறக்குறைய அரைக் கவுஸே என்பதை நோக்கின் அவ்வெண்ணத்தின் பெருமை புலனாகும். ஆயின் ஈயக் கம்பியைச் சுற்றிச் சோதித்தபோது, சில நூறு கவுஸ் அளவிலேயே மீக்கடத்தல் அழிந்தது. சுருள் தானே உண்டாக்கிய காந்தப்புலம் அதன் சிறப்பைக் கெடுத்துவிட்டது. தூய உலோகங்களை நம்பிய அக்கனவு அவ்வளவில் நின்றது.

1929 ஆம் ஆண்டில் இரு செய்திகள் வெளிவந்தன. பொன்னும் பிசுமதும் தனித்தனியே சோதிக்கப்பட்டபோது மீக்கடத்தலைக் காட்டியனவல்ல. அவை கூடிய சேர்வை ஏறக்குறைய 1.8 கெல்வினில் மீக்கடத்தியாவதை லைடனில் கண்டனர். அவ்வாண்டிலேயே பேர்லினில் வால்தர் மைஸ்னர் செம்புச் சல்பைட்டில் இதே நிகழ்ச்சியைக் கண்டார். செம்பும் மீக்கடத்தி அன்று. கந்தகம் மின்னையே கடத்தாது. வெப்பநிலையை நோக்கின் இவை சிறு செய்திகள். கருத்தை நோக்கின் பெருஞ் செய்திகள். மீக்கடத்தல் ஒரு மூலகத்துக்குப் பிறப்பால் வரும் குணம் அன்று. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளன என்பதைச் சார்ந்தது என்பதை இவை காட்டின. இரசாயன அறிஞரின் வீட்டுக்குச் செல்லும் வாயில் அன்றே திறந்தது. அதனூடு புகுந்தவர் சிலரே.

அச்சிலருள் தலையாயவர் பேண்ட் மத்தியாஸ். 1918 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய அவர், உலோகங்களை உருக்கிச் சேர்த்துச் சோதிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். 1953 ஆம் ஆண்டில் சிக்காகோவிலே ஹாடி, ஹல்ம் என்னும் இருவர், மூன்று வனேடியமும் ஒரு சிலிக்கனும் கூடிய சேர்வை 17 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டனர். மறு ஆண்டில் மத்தியாசும் அவருடைய கூட்டாளிகளும் பெல் ஆய்வுகூடத்திலே மூன்று நயோபியமும் ஒரு வெள்ளீயமும் கூடிய சேர்வையை ஆக்கினர். அது 18 கெல்வினிலேயே மீக்கடத்தியாயிற்று. தூய நயோபியம் அந்நிலையை அடைவது ஏறக்குறைய 9 கெல்வினில். வெள்ளீயம் அடைவது 3.7 கெல்வினில். இரண்டும் கூடியவிடத்து எய்திய உயர்வு கூட்டத்தின் பயனே என்பதில் ஐயமில்லை.

இவ்விரு சேர்வைகளும் ஒரே பளிங்கமைப்பை உடையன. கனவுருவமான ஒரு பெட்டியின் மூலைகளிலும் நடுவிலும் வெள்ளீய அணுக்கள் அமர்ந்திருக்கின்றன. பெட்டியின் ஒவ்வொரு முகத்திலும் இரண்டு நயோபிய அணுக்கள் உள்ளன. பெட்டிகளை அடுக்கிச் செல்லுமிடத்து நயோபிய அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிகளாக நீண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் ஓடுகின்றன. தூய நயோபியத்தில் அடுத்துள்ள இரு அணுக்களுக்கிடையேயுள்ள தூரம் 2.86 அங்ஸ்ட்ரம், ஓர் அங்ஸ்ட்ரம் என்பது சென்ரிமீற்றரைப் பத்துக் கோடி கூறிட்டதில் ஒரு கூறு. சங்கிலியிலோ அத்தூரம் 2.65 அங்ஸ்ட்ரமாகச் சுருங்கிவிடுகின்றது. அணுக்கள் நெருங்கிக் கைகோத்துள்ளன என்பதற்கு இது சான்று.

மத்தியாஸ் பல சேர்வைகளை ஒப்பிட்டு ஒரு விதியை வகுத்தார். அணுவொன்றுக்கு வீதம் வரும் வலுவளவு இலத்திரன்களின் தொகை ஐந்தை அல்லது ஏழை அணுகுமிடத்து மீக்கடத்தல் சிறக்கும் என்பது அவ்விதி. மேற்கூறிய நயோபியச் சேர்வையிலே மூன்று நயோபியம் தரும் பதினைந்தும் வெள்ளீயம் தரும் நான்குமாகப் பத்தொன்பது இலத்திரன்கள் நான்கு அணுக்களுக்கு உள்ளன, வீதம் 4.75. வனேடியச் சேர்வைக்கும் அதே எண். ஹியூம்-றொதரியின் எண்ணும் முறை பௌதிகத்தின் வீட்டிலும் இடம்பெற்றது எனலாம். தாண்டல் மூலகங்களை நாடுக, கனவுருவப் பளிங்கை நாடுக என்பனவும் இவ்விதியோடு சேர்ந்து வழங்கலாயின. இவற்றைத் துணையாகக் கொண்டு எண்ணிறந்த சேர்வைகள் கண்டறியப்பட்டன. விதி நன்றாகவே பயன்பட்டது. பின்னர் நேர்ந்த இடர்ப்பாட்டுக்கு அதுவே காரணமுமாயிற்று.

1957 ஆம் ஆண்டில் பாடீன், கூப்பர், சிறீபர் என்னும் மூவர் மீக்கடத்தலுக்குக் கொள்கை விளக்கம் தந்தனர். பளிங்கினூடு செல்லும் ஓர் இலத்திரன் தன்னருகேயுள்ள நேரேற்ற அயன்களைச் சிறிது தன்பால் ஈர்க்கின்றது. அயன்கள் நெருங்கிய அவ்விடம் மற்றோர் இலத்திரனைக் கவர்கின்றது. தம்முட் பகைக்கும் இலத்திரன்கள் சாலகத்தின் அசைவை நடுவாகக் கொண்டு இவ்வாறு சோடி சேர்கின்றன. சோடி சேர்ந்தவை யாவும் ஒருங்கே ஒழுகுதலால் அவற்றைத் தடுப்பார் இல்லை. அறை வெப்பநிலையில் நன்றாக மின்கடத்தும் செம்பு கடுங்குளிரிலும் மீக்கடத்தியாகாமைக்குக் காரணமும் இதனால் விளங்கும். செம்பின் இலத்திரன்கள் சாலகத்தோடு உறவாடுவது மிகக் குறைவு. தடை குறைவதும் அதனாலேயே, சோடி சேராமையும் அதனாலேயே. மீக்கடத்தல் வேண்டுமாயின் இலத்திரனுக்கும் அணு அசைவுக்கும் இறுகிய தொடர்பு வேண்டும். அணுக்கள் இலேசானவையாகவும் விரைந்து அதிர்வனவாகவும் இருத்தல் நன்று. இவ்விரண்டையும் நிருணயிப்பது பிணைப்பே. எனினும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் பலரும் எண்ணியது இலத்திரன்களின் தொகையையே. அவை எந்தப் பிணைப்பில் நிற்கின்றன என்று கேட்டவர் குறைவு.

ஒன்னஸின் கனவு 1961 ஆம் ஆண்டில் நனவாகத் தொடங்கிற்று. பெல் ஆய்வுகூடத்திலே குன்ஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் நயோபிய-வெள்ளீயச் சேர்வையைக் காந்தப்புலத்திற் சோதித்தனர். இச்சேர்வை எளிதில் நொருங்குவது. கம்பியாக இழுக்க வராது. ஆதலால் அவர்கள் நயோபியக் குழாயொன்றில் நயோபியத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அடைத்து, முதலிற் கம்பியாக இழுத்து, அதன்பின் உயர்ந்த வெப்பத்திற் சூடாக்கினர். கம்பி உருவான பின்னரே சேர்வை உள்ளே பிறந்தது. 88,000 கவுஸ் காந்தப்புலத்திலே அக்கம்பி சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைத் தடையின்றித் தாங்கிற்று. தூய ஈயம் சில நூறு கவுஸில் தோற்ற இடத்திலே உலோகவிடைச் சேர்வை வென்றது. ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த வெற்றி அது.

அதன்பின் முன்னேற்றம் மந்தமாயிற்று. 1973 ஆம் ஆண்டில் கவலர் என்பார் நயோபியமும் ஜேர்மானியமும் கூடிய மென்படலத்தில் 22 கெல்வினைத் தாண்டினார். பின்னர் அது 23 கெல்வினாயிற்று. அவ்வெல்லை பல்லாண்டு அசையவில்லை. மத்தியாஸ் 1980 ஆம் ஆண்டிற் காலமானார். 1986 ஆம் ஆண்டில் பெட்னோட்ஸ், முல்லர் என்னும் இருவர் செம்பு ஒட்சைட்டு ஒன்றில் 30 கெல்வினை அணுகிய மீக்கடத்தலைக் கண்டதும் ஆராய்ச்சியாளரின் நாட்டம் ஒட்சைட்டுக்களின்பாற் சென்றது. 1994 ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும் போரனும் காபனும் கலந்த புதிய உலோகவிடைச் சேர்வைகளில் மீக்கடத்தலைக் கண்டமை குறிப்பிடற்பாலது. அவற்றுட் சிறந்ததும் 23 கெல்வினோடு நின்றது. உலோகவிடைச் சேர்வைகளின் எல்லை இதுவே எனப் பலர் கருதினர்.

இந்நிலையில், ஒரு சேர்வை ஆய்வுகூட அலுமாரிகளிலே போத்தல்களில் அடைபட்டுக் கிடந்தது. ஒரு மகனீசியமும் இரண்டு போரனும் கூடிய மகனீசிய இருபோரைட்டே அது. அதன் பளிங்கமைப்பு 1954 ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டுவிட்டது. நயோபிய-வெள்ளீயச் சேர்வை மீக்கடத்தியெனக் கண்டதும் அவ்வாண்டிலேயே! 1957 ஆம் ஆண்டில் அதன் வெப்பக்கொள்ளளவு ஏறக்குறைய 18 கெல்வின் தொடங்கி அறை வெப்பநிலை வரை அளக்கப்பட்டது. அளந்தவர்களின் நோக்கம் வேறு. மீக்கடத்தலைப் பற்றிய வினா அங்கே எழவில்லை. மத்தியாசும் அவர்தம் குழுவினரும் 1970 ஆம் ஆண்டில் இருபோரைட்டுக்களையும் சோதித்தனர். ஆயினும் அவர்கள் நாடியவை தாண்டல் மூலகங்களின் இருபோரைட்டுக்கள். கண்டது ஏறக்குறைய 11 கெல்வின். பக்கத்து வீட்டின் கதவு தட்டப்படவில்லை.

தட்டாமைக்குக் காரணம் உண்டு. மகனீசியம் தாண்டல் மூலகம் அன்று. பளிங்கு கனவுருவம் அன்று, அறுகோணம். மகனீசியத்தின் இரண்டும் இரு போரன்களின் ஆறுமாக எட்டு இலத்திரன்கள் மூன்று அணுக்களுக்கு உள. வீதம் மூன்றுக்கும் குறைவு. விதியின்படி நோக்கின் தேடவேண்டாத இடம் அது.

யப்பானின் தோக்கியோவிலுள்ள அவோயாமா கக்குயின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அக்கிமிற்சு 2001 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, இச்சேர்வை 39 கெல்வினில் மீக்கடத்தியாகும் எனச் செண்டாய் நகரில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டமொன்றில் அறிவித்தார். பழைய எல்லையிலும் பதினாறு பாகை மேல்! செய்தி எட்டிய சில வாரங்களில் உலகின் பல ஆய்வுகூடங்கள் இதனை உறுதிப்படுத்தின. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுகூடத்தார் போரனின் இரு சமதானிகளைக் கொண்டு இச்சேர்வையை ஆக்கினர். பாரங் குறைந்த போரனால் ஆனது ஏறக்குறைய ஒரு பாகை மேலேயே மீக்கடத்தியாயிற்று. போரன் அணுக்களின் அதிர்வே இலத்திரன்களைச் சோடி சேர்க்கின்றது என்பது இதனால் நிறுவப்பட்டது. 1957 ஆம் ஆண்டுக் கொள்கையிலே இதற்கு இடமிருந்தது. இடமில்லாதிருந்தது தேடுவோர் மனத்திலேதான்.

இச்சேர்வையின் பிணைப்பை நோக்குவோம். இலங்கையின் சுரங்கங்களில் அகழப்படும் காரீயத்திலே காபன் அணுக்கள் தேனடை போன்ற அறுகோண வலைகளாகத் தட்டுத்தட்டாக அமைந்துள்ளன. இச்சேர்வையிலே போரன் அணுக்களும் அவ்வாறே அமைந்துள்ளன. தட்டுக்களுக்கிடையே மகனீசியம் இருக்கின்றது. மகனீசியம் தன் இரு இலத்திரன்களையும் ஈந்துவிடுதலால் ஒவ்வொரு போரனும் காபனைப் போல நான்கு இலத்திரன்களை உடையதாகின்றது. சின்ற்ல் 1930களிற் கண்ட முறையே இது. ஆயினும் காரீயத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காரீயத்தில் அணுவையும் அணுவையும் தட்டினுள்ளே இறுகப் பிணைக்கும் இலத்திரன் நிலைகள் முற்றாக நிரம்பியுள்ளன. நிரம்பிய நிலையில் ஓட்டம் இல்லை. இங்கோ நேரேற்றமுடைய மகனீசியத்தின் அண்மையால் இலத்திரன்களிற் சில தட்டுக்களுக்கிடையேயுள்ள நிலைகளுக்கு இழுக்கப்படுகின்றன. ஆகவே பிணைப்பு நிலைகளில் சிறு வெற்றிடம் உண்டாகின்றது. வெற்றிடம் உண்டானதும் அப்பிணைப்பே மின்னைக் கடத்தத் தொடங்குகின்றது. முன்னர்க் கூறிய உவமையிற் சொல்வதாயின், இரு வளவுக்கே உரிய பங்குக் கிணறு ஊருக்குப் பொதுவாகிவிட்டது. போரன் இலேசான அணு, பிணைப்போ இறுகியது, ஆதலால் அதிர்வு விரைவானது. அணு சிறிது அசைந்தாலும் அப்பிணைப்பிலுள்ள இலத்திரன் அதனை உடனே உணரும். மீக்கடத்தலுக்கு வேண்டியவை யாவும் ஓரிடத்திற் கூடியமை இவ்வாறே.

அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பும் அவற்றினூடு தடையின்றி ஓடும் மின்னும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பதை இச்சேர்வை ஐயமற நிறுவிற்று. நயோபியச் சங்கிலிகளிலே மங்கலாகத் தெரிந்த உண்மை போரன் தட்டுக்களிலே துலக்கமாயிற்று. இரசாயன அறிஞரின் வினாவும் பௌதிக அறிஞரின் வினாவும் ஈற்றில் ஒன்றாகவே முடிந்தன.

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நிற்கவில்லை. பிரான்சு நாட்டிலே அணுக்கருச் சேர்க்கைக்கென அமைக்கப்படும் இற்றர் என்னும் பெருங்கருவியின் காந்தச் சுருள்களில் நயோபிய-வெள்ளீயச் சேர்வை இடம்பெற்றுள்ளது. ஜெனிவாவை அடுத்த ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையம் தனது துகள் மோதுகருவியைப் புதுப்பிக்கும் திட்டத்திலே, காந்தங்களுக்கு நயோபிய-வெள்ளீயத்தையும் அவற்றுக்கு மின் கொண்டுசெல்லும் வடங்களுக்கு மகனீசிய இருபோரைட்டையும் தேர்ந்துகொண்டது. 1954 ஆம் ஆண்டில் இருவேறு ஏடுகளில் ஒன்றையொன்று அறியாது தோன்றிய இரு சேர்வைகள் ஈண்டு ஒரே பணியில் இணைகின்றன.

மத்தியாசின் விதி பொய்யன்று. அது எழுந்த எல்லைக்குள் இன்றும் அது மெய்யே. எல்லைக்கு அப்பாலும் அதுவே வழிகாட்டும் என நம்பியதே தவறு. விதி என்பது கையிலேந்திய விளக்கு. அதன் ஒளி விழுமிடத்திற் பொருளைக் காட்டும். ஒளி விழாத இடத்திற் பொருள் இல்லையென்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் அலுமாரியில் இருந்த அச்சேர்வையைத் திரவ ஈலியத்திலிட்டு அளப்பதற்கு ஒரு நாட்பொழுது போதியதாயிருந்திருக்கும். வசதி குறைந்தமையால் அது தாமதிக்கவில்லை. கேட்கவேண்டிய வினாவைக் கேளாமையாலேயே தாமதித்தது. கற்ற விதியைப் போற்றுதலும் கடமை; அதன் எல்லையை உசாவுதலும் கடமை. ஆய்வுகூடத்திற் புகும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கொள்வாராயின், இன்னும் எத்தனையோ போத்தல்கள் வாய் திறக்கும்.